இருமுறை அளத்தல்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் நாம் மருத்துவக் கருவியொன்றைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு, "இவர்க்கு இஃது எற்றுக்கு?" என்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். ஏட்டுச்சுவடிகளோடு சிறிதேனும் பழகினோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஒரே மூலத்தைப் பார்த்து ஒருவனே இருமுறை எழுதினும், அவ்விரண்டு ஏடுகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பதில்லை. ஓரிடத்தில் ஒரு சொல் வேறுபட்டிருப்பின், புலவரே வேறாகப் பாடினார் என்று உடனே துணிதல் பதிப்பாசிரியர்க்கு அழகன்று. ஏடெழுதினவன் கை எவ்வளவு பிழைபடும் இயல்பினது என்பதை அவர் முதற்கண் அறிதல் வேண்டும். அதனை அறிந்த பின்னரே, இவ்வேறுபாடு பாடினோரதோ எழுதினோனதோ என்று ஆராய்தற்கு அவர் உரிமை பெறுகின்றார். புற்றுநோயைப் படமெடுத்து எண்ணால் அளக்கும் கருவியைக் குறித்தும் இக்கேள்வியே எழுகின்றது. அது நம் வீட்டு வாயிற்படி ஏறி வந்து நின்றமையால் இதனை எழுதத் துணிந்தோம்.

எம் தாய்வழிப் பாட்டனார்க்கு வயது எழுபத்து நான்கு. புராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்று அவர்க்கு இடுப்பெலும்பிலும் பரவியிருந்தது. சிகிச்சை தொடங்குமுன் எடுத்த பெட் படத்தின் அறிக்கையில், இடுப்பெலும்பிலுள்ள புற்றுக்கு 12.4 என்றோர் எண் குறிக்கப்பட்டிருந்தது. நான்கு திங்கள் கழித்து, போக்குவரத்து எளிதென்று வேறோர் ஊரிலுள்ள நிலையத்திற் படமெடுத்தனர். அதில் அதே புற்றுக்கு 14.6 என்றிருந்தது. அறிக்கையில் வேறு விளக்கம் ஏதும் இல்லை. எம் மாமா கூட்டிக் கழித்துப் பார்த்து, "நூற்றுக்குப் பதினெட்டு ஏறியிருக்கிறது; மருந்து வேலை செய்யவில்லை," என்று தீர்ப்புரைத்தார். பாட்டியார் அன்றிரவு உண்ணவில்லை. பாட்டனாரோ, "எனக்காக இருக்கிற நிலத்தையும் விற்கவேண்டா, இம்மட்டில் நிறுத்துங்கள்," என்று அமைதியாகக் கூறிவிட்டுத் திண்ணைக்குச் சென்றமர்ந்தார். மூன்று நாட் கழித்தே மருத்துவரைக் காண முடிந்தது. அவர் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்து, "ஐயா, இவ்விரண்டு எண்களையும் வேறென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்கள் இரத்தப் பரிசோதனையின் எண் நன்றாகக் குறைந்திருக்கிறது. மருந்தை நிறுத்தாதீர்கள்," என்றார்.

12.4உம் 14.6உம் எங்ஙனம் வேறல்லவாகும்? எம் வீட்டார்க்கு மருத்துவரின் சொல்லே போதியதாயிற்று. நமக்குப் போதவில்லை. அன்று முதற் படித்தும் வினவியும் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறுகின்றோம்.

புராஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பிற் 'பி.எஸ்.எம்.ஏ.' என்னும் புரதம் மிகுதியாக உண்டு. அதனைத் தேடிச்சென்று பற்றும் மருந்தொன்றிற் கதிரியக்கமுடைய காலியம்-68 அல்லது புளோரின்-18 என்னும் அணுவைப் பிணைத்து நரம்பில் ஏற்றுகின்றனர். ஏறத்தாழ ஒரு மணிநேரம் முதல் இரண்டு மணிநேரம் காத்திருந்தபின் படமெடுக்கப்படும். அவ்வணு வெளியிடும் பாஸிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் அழியும்போது, இரு ஒளித்துகள்கள் ஒன்றற்கொன்று எதிர்த்திசையில் ஓடுகின்றன. நோயாளியைச் சூழ்ந்துள்ள வளையக்கருவி அவற்றை ஒருங்கே பிடித்து, அவை புறப்பட்ட இடத்தைக் கணக்கிடுகின்றது. நோய் எங்கெங்கு உளது என்று காட்டுவதில் இம்முறை பழைய முறைகளினும் மிகச் சிறந்தது. ஆஸ்திரேலியாவில் 302 பேரைக்கொண்டு செய்து 2020இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆராய்ச்சியில், பழைய படமுறைகள் நூற்றுக்கு 65 அளவிற் சரியாகக் காட்ட, இப்புதுமுறை 92 அளவிற் சரியாகக் காட்டிற்று. ஆகவே கருவியைப் பழித்தல் நம் நோக்கமன்று. 'எங்கே உளது?' என்னும் வினாவிற்கு நன்கு விடையிறுப்பது, 'எவ்வளவு உளது? கூடிற்றா, குறைந்ததா?' என்னும் வினாவிற்கும் அத்துணை நன்றாக விடையிறுக்கும் என்று நாமே கருதிக்கொள்ளுதலைத்தான் மறுக்கின்றோம்.

அறிக்கையிற் காணும் எண்ணுக்கு 'எஸ்.யூ.வி.' என்பது பெயர். ஏற்றிய மருந்து உடல் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பின் எவ்விடத்தும் இவ்வெண் ஒன்றாகவே இருக்கும். 12.4 எனின், அவ்விடத்தில் அச்சராசரியினும் பன்னிரண்டு மடங்குக்கு மேல் மருந்து சேர்ந்துள்ளது என்பது பொருள். இதனைக் கணிக்க மூன்று பொருள்கள் வேண்டும்: அவ்விடத்திற் கருவி கண்ட கதிரியக்கம், ஏற்றிய மருந்தின் அளவு, நோயாளியின் எடை. இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. அறுபது கிலோ எடையுள்ளவரை நிறுத்துப் பாராமல், அவர் வாய்ச்சொல்லைக்கொண்டு அறுபத்தாறு என்று எழுதிவிடின், எண் நூற்றுக்குப் பத்து உயர்ந்துவிடும்! மருந்திற் சிறிது ஊசிக்குழலிலேயே தங்கிவிடினும், நரம்பைவிட்டுத் தோலின்கீழ்க் கசிந்துவிடினும், எண் தாழ்ந்துவிடும். கடிகாரத்தின் கதை இன்னும் விந்தையானது. காலியம்-68 என்னும் அணு 68 நிமிடத்திற் பாதியாகத் தேய்வது. புளோரின்-18 ஏறத்தாழ 110 நிமிடத்திற் பாதியாவது. மருந்தேற்றும் அறையின் கடிகாரமும் படமெடுக்கும் அறையின் கடிகாரமும் பத்து நிமிடம் வேறுபட்டிருக்கட்டும். காலியத்தில் அதனால் விளையும் பிழை நூற்றுக்குப் பத்தளவு, புளோரினில் ஆறளவு. நோயாளியின் உடலில் ஓரணுவும் மாறவில்லை. சுவரில் மாட்டிய கடிகாரம் மாறியது. அவ்வளவே.

நிற்க. எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றாக்கி, எல்லா எடைகளையும் சரியாக நிறுத்துவிட்டாலும் வேறுபாடு ஒழியுமோ எனின், ஒழியாது. அணு தேய்வதே தற்செயலான நிகழ்ச்சி. ஆதலாற் படத்திற் புள்ளிக்குப் புள்ளி இரைச்சல் இருந்தே தீரும். நோயாளி மூச்சு விடுகின்றார். அன்று குடித்த நீரும் கழித்த சிறுநீரும் நேற்றைப் போன்றன அல்ல. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த புற்றுகள் உள்ளபடி தோன்றாது மங்கித் தோன்றும். இவற்றோடு, பெரும்பாலும் அறிக்கையில் எழுதுவது புற்றின் மிகவுயர்ந்த ஒரே நுண்கட்டத்தின் எண்ணேயாம். வகுப்பின் தரத்தை முதல் மாணவன் ஒருவன் பெற்ற எண்ணைக்கொண்டு தீர்மானித்தல் போல்வது இது. அவன் ஒருநாட் காய்ச்சலாகக் கிடப்பின் வகுப்பே தாழ்ந்துவிட்டதாகிவிடும்! ஒரு கன சென்டிமீட்டர்ப் பரப்பின் சராசரியை எடுப்பது இதனினும் நிலையுடையது.

அங்ஙனமாயின், உடலில் மாறுதல் இல்லாதபோதே எண் எவ்வளவு மாறும் என்பதை அறியும் வழி யாது? வழி ஒன்றே. அதே நோயாளியை, அதே கருவியில், அதே முறையில், சில நாட்களுக்குள், சிகிச்சை ஏதும் இடையே புகாவண்ணம், மீண்டும் ஒருமுறை அளந்து பார்த்தல். பிளாண்டு, ஆல்ட்மன் என்னும் புள்ளியியலறிஞர் இருவர் 1986இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரைக்குப்பின், இத்தகைய இரட்டை அளவைகளைக் கணக்கிடும் முறை மருத்துவ உலகெங்கும் பரவிற்று. அவர்கள் அன்று கண்டித்த மயக்கம் ஒன்று இன்றும் மறையவில்லை. முதலளவும் இரண்டாமளவும் ஒன்றற்கொன்று இசைந்து செல்கின்றனவா என்று பார்த்து, இசைவு மிகுதி எனக் கண்டவுடன் கருவி நம்பத்தக்கது என்று முடிவுகட்டுவோர் உளர். இசைவு வேறு, ஒப்பு வேறு. இரண்டாம் முறை கருவி ஒவ்வோர் எண்ணையும் இரட்டித்துக் காட்டுமாயின் இசைவு சிறிதும் குன்றாது. ஆனால் ஓரெண்ணும் ஒத்திராது. அன்றியும் ஒருவர்க்கு 4உம் மற்றொருவர்க்கு 60உமாக எண்கள் பரந்து கிடக்குங்கால், ஒவ்வொன்றும் சிறிது பிறழ்ந்தாலும் இசைவு உயர்ந்தே தோன்றும். நோயாளிக்கு வேண்டுவது அவ்வுயர்ந்த எண்ணன்று. என் எண் தானாகவே எவ்வளவு ஆடும் என்பதொன்றே அவர் கேட்பது.

அதற்கு விடை தேடியோர் சிலரே. அமெரிக்காவில் எலும்பிற் பரவிய புராஸ்டேட் புற்றுடையோர் முப்பத்தைவரை, சோடியம் புளோரைடு என்னும் மருந்தைக்கொண்டு மூன்று நிலையங்களில் இருமுறை படமெடுத்து ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் பி.எஸ்.எம்.ஏ.யைப் பற்றும் புளோரின் மருந்தைக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நோயாளிகளைச் சில நாள் இடைவெளியில் இருமுறை அளந்தனர். ஒரே புற்றின் இரண்டு எண்களுக்கிடையே, நோய் மாறாதிருக்கவும், ஏறத்தாழ நாலிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை வேறுபாடு எழக்கூடும் என்பது அவர் கண்டது. எம் பாட்டனார்க்கு வந்த பதினெட்டு இவ்வெல்லைக்குள் அடங்கிக் கிடக்கின்றது. அதுவும் அவர்க்கு முதலிற் காலியம், பின்னர்ப் புளோரின். முதலில் ஒரு கருவி, பின்னர் வேறொரு கருவி. ஆம்ஸ்டர்டாமில் மருந்தும் கருவியும் காத்திருந்த நேரமும் ஒன்றாயிருந்தபோதே அவ்வளவு ஆட்டம் எனின், இங்கே எவ்வளவு என்று யார் சொல்ல வல்லார்? சிறந்த நிலையத்தில், சிறந்தோர் கையால், மிகுந்த கவனத்தோடு அளந்த அளவையே இவ்வாராய்ச்சிகள் தருகின்றன. அவை ஆட்டத்தின் கீழெல்லையைக் காட்டுவனவேயன்றி மேலெல்லையைக் காட்டுவன அல்ல. இதனைப் படிப்போர் பலர் மறந்துவிடுகின்றனர் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

இத்தொடர்பில் ஒரு கணக்கு நமக்கு மிகவும் சுவையாயிருந்தது. சர்க்கரையை ஒத்த எஃப்.டி.ஜி. என்னும் வேறொரு பெட் மருந்திற்கு, வட அமெரிக்கக் கதிர்ப்படச் சங்கத்தின் அளவைக் குழுவினர் ஒரு வரம்பு வகுத்தனர். எண் நூற்றுக்கு 39 ஏறினாலோ, 28 இறங்கினாலோ மட்டுமே, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியோடு மெய்யான மாறுதல் உண்டெனலாம் என்பது அவ்வரம்பு. ஏறுதற்கு 39, இறங்குதற்கு 28, ஏன் இவ்வோரவஞ்சனை? ஓரவஞ்சனை அன்று. 100 என்பது 139 ஆயின் 39 ஏறிற்று. அதே 139 மீண்டும் 100 ஆயின் நூற்றுக்கு 28 இறங்கிற்று. ஏறிய படியும் இறங்கிய படியும் ஒன்றே. நின்று பார்க்குமிடம் வேறு. கணக்கில் நமக்குள்ள திறமை ஆசிரியர்கள் நன்கறிந்ததே. ஆயினும் இதனை விளங்கிக்கொண்ட நாளில் எம் மாமாவிற்கு நாமே விளக்கியுரைத்தோம். அவர் இரண்டு முறை தாளிற் போட்டுப் பார்த்தபின் ஒப்புக்கொண்டார்.

இவையெல்லாம் புத்தகக் கணக்கென்று ஒதுக்கற்பாலன அல்ல. எண் ஒரு வாயிற்கதவாக நிற்குமிடங்கள் உள. பி.எஸ்.எம்.ஏ.யைப் பற்றும் மருந்தில் லுட்டீஷியம்-177 என்னும் அணுவைப் பிணைத்துப் புற்றினுள்ளேயே கதிரைச் செலுத்தும் சிகிச்சை இப்போது வழக்கிலுள்ளது. 831 நோயாளிகளைக்கொண்டு நடத்தி 2021இல் வெளியான 'விஷன்' ஆராய்ச்சியில், அச்சிகிச்சை பெற்றோர் நடுவளவில் 15.3 திங்களும், பெறாதோர் 11.3 திங்களும் வாழ்ந்தனர். நான்கு திங்கள் வேறுபாடு. பேரப்பிள்ளையின் திருமணத்தைக் காண்பதற்குப் போதிய காலம் அது. அவ்வாராய்ச்சியிற் சேர்த்துக்கொள்ள, புற்று ஈரலினும் மிக்கு ஒளிர்கின்றதா என்று கண்ணாற் பார்த்தனர். அதே ஆண்டில் வெளியான ஆஸ்திரேலியர் ஆராய்ச்சியாகிய 'தெரப்பி' என்பதிலோ எண்ணே வாயில் காத்தது. ஓரிடத்திலேனும் எண் 20 அல்லது அதற்கு மேலும், அளக்கத்தக்க ஏனைப் பரவிடங்களிற் பத்துக்கு மேலும் இருத்தல் வேண்டும் என்பது நியமம். 291 பேரை ஆராய்ந்து 200 பேரைச் சேர்த்தனர். விடுபட்டோர்க்குக் காரணங்கள் பல. எண் ஒன்றே காரணமன்று. ஆராய்ச்சி செய்தோரைக் குறைகூறவும் நாம் முற்படவில்லை. எங்கேனும் ஓரிடத்திற் கோடு கிழித்தே ஆகவேண்டும். ஆயினும் திங்கட்கிழமை 19 என்று அளக்கப்பட்ட ஒருவர், அவரை வியாழக்கிழமை அளந்திருப்பின் 22 ஆகியிருக்கக்கூடும் அன்றோ? 21 என்று உட்புகுந்தவர்க்கு மறுமுறை 18 வந்திருக்கவும் கூடும் அன்றோ? இருவரும் ஒரே நோயுடையோர். கதவின் இருபுறமும் நின்றனர். கோட்டை அழிக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கோட்டிற்கு அருகில் நிற்போரை மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்கவேண்டுமென்றே சொல்கின்றோம்.

இதற்கு மருத்துவர் கூறும் மறுமொழியையும் கேட்டோம். எண் ஒன்றைக்கொண்டு அறிவுடைய மருத்துவர் எவரும் முடிவுகட்டுவதில்லை. இரத்தப் பரிசோதனை, நோயாளியின் வலி, நடை, பசி எல்லாவற்றையும் சேர்த்தே நோக்குவர் என்பது அவர் கூற்று. உண்மையே, எம் பாட்டனாரைக் காத்ததும் அதுவே. 2022இல் வகுத்த 'ரெசிப்' என்னும் நெறியும் இவ்வெச்சரிக்கையை உடையது. புற்றின் மொத்தப் பருமன் நூற்றுக்கு 20 ஏறினால் மட்டும் போதாது. புதிய புற்றும் தோன்றியிருந்தாலன்றி நோய் முற்றிற்றென்று கூறற்க என்று அது விதிக்கின்றது. நன்று. ஆனால் அறிக்கை முதலிற் போய்ச் சேருவது மருத்துவர் கையிலன்று. கைப்பேசி வழியாக அது வீட்டாரிடம் வந்துவிடுகின்றது. மருத்துவரைக் காணும்வரை மூன்று நாட்கள் அந்த எண் தனியே நின்று பேசுகின்றது. அம்மூன்று நாட்களில் ஒரு குடும்பம் என்னென்ன முடிவுக்கு வரும் என்பதை நாம் கண்டோம்.

மற்றொரு மறுப்பும் உண்டு. வேறுபாட்டின் எல்லையை அகலமாக வகுத்துவிட்டால், மெய்யாகவே ஏறும் நோயையும் 'ஆட்டம்' என்று சொல்லிக் காலங்கடத்த நேருமாம். இது வலிய மறுப்பு. இதற்கு எளிய விடை நம்மிடம் இல்லை. எல்லையை மறைத்தலால் அது குறுகிவிடாது என்று மட்டும் கூறலாம். குறுக்க விரும்பின், அளக்கும் முறையைத்தான் செப்பனிடல் வேண்டும். ஒரே கருவியும் ஒரே மருந்தும் ஒரே காத்திருப்பு நேரமும் கொண்டு அளக்கலாம். தனிப்புள்ளியை விட்டு, புற்றனைத்தின் தொகையையும் சேர்த்துப் பார்க்கலாம். இதில் இன்னொரு நுட்பமும் உளது. ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்து தொடங்கிய சில காலத்திற்குப் புற்றணுக்கள் பி.எஸ்.எம்.ஏ.யை முன்னினும் மிகுதியாக வெளிப்படுத்துதலும் உண்டாதலால், மெய்யாகவே எண் ஏறினும் நோய் வளர்ந்ததென்பது பெறப்படாது. இது தனியே விரித்தற்குரியது, ஈண்டு விடுகின்றோம்.

நாம் வேண்டுவன பெரியன அல்ல. அறிக்கையில் 14.6 என்று எழுதுங்கால், அதனருகே, இக்கருவியில் இம்மருந்திற்கு இவ்வளவு வேறுபாடு தானாகவே எழும் என்று ஒரு வரி எழுதலாகாதா? துணிக்கடைக்காரரும் நீரில் நனைத்தால் இவ்வளவு சுருங்கும் என்று சொல்லித்தானே விற்கின்றார். மருந்தேற்றிய நேரம், படமெடுத்த நேரம், மருந்தின் பெயர், கருவியின் பெயர் ஆகிய நான்கையும் முதற்பக்கத்திற் பொறித்தல் அரியதோ? அவ்வொரு வரியை எழுதவேண்டுமாயின் ஒவ்வொரு நிலையத்தாரும் தம் கருவியின் ஆட்டத்தைத் தாமே அறிந்திருத்தல் வேண்டும். அதற்கு இரட்டை அளவை ஆராய்ச்சிகள் இன்னும் பல வேண்டும். இவை புகழ் தரும் ஆராய்ச்சிகள் அல்ல. புதிய மருந்தைக் கண்டோர்க்குப் பாராட்டுண்டு. பழைய எண்ணை மீண்டும் அளந்து, 'அன்று கண்டதும் இன்று கண்டதும் இவ்வளவே ஒத்தன' என்று எழுதுவோர்க்கு யார் மாலையிடுவார்?

மாலைக்குரியோர் வேறு சிலரும் உளர் என்பதை ஈண்டுச் சொல்லாமலிருத்தல் இயலாது. ஆம்ஸ்டர்டாமில் இரண்டாம் முறை கருவியினுட் படுத்த அந்நோயாளிகளுக்கு அதனாற் கிடைத்த நன்மை யாதுமில்லை. அவர் நோய் இன்னதென்று முதற்படமே காட்டிவிட்டது. மீண்டும் ஊசி, மீண்டும் கதிர், மீண்டும் இரண்டு மணிநேரக் காத்திருப்பு. எலும்பிற் புற்றுடையோர்க்கு அக்கடினப் பலகையில் மல்லாந்து கிடத்தலே பெருந்துன்பம் என்று எம் பாட்டனார் சொல்லியிருக்கின்றார். அவர்கள் அங்ஙனம் கிடந்து தந்த எண்ணைக்கொண்டுதான், கடல்கடந்த ஓர் ஊரில் ஒரு மருத்துவர் இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து, இவற்றை வேறென்று சொல்ல எனக்கு உரிமையில்லை என்று கூற முடிந்தது. இச்செய்தியைப் பாட்டனாரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அவர்கள் பெயர் என்ன?" என்று கேட்டார். அத்தகைய ஆராய்ச்சிகளிற் பெயர் வெளியிடுவதில்லை என்றோம்.

அவர்க்கு மூன்றாம் படம் வருகின்ற ஆனித்திங்களில் எடுக்கவேண்டும். இம்முறை பயணம் நீளமாயினும் முதலிற் சென்ற நிலையத்திற்கே, காலியம் மருந்திற்கே செல்வதென்று முடிவாகியுள்ளது. எடையை அங்கேயே நிறுத்துப் பார்க்கும்படி கேட்பது மாமாவின் பொறுப்பு. ஊசி போட்ட மணியைக் குறித்துக்கொள்வது நம் பொறுப்பு. கைக்கடிகாரத்தை அவ்வறையின் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்த பின்னர்.